அருளம்பலம் அண்ணைக்குப் போட்ட குழந்தைப்பிள்ளை ஊசி

நீங்கள் எல்லோரும் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள். சீருடையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆசுப்பத்திரியில் கேட்டபோது நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதினால் பிழை வருமே என்று ஒரு கிழமை யோசித்தேன். எழுதாமல் விட்டால் கோபிப்பார்களே என்று இன்னொரு கிழமை யோசித்தேன். இரண்டாவது பயம் கொஞ்சம் பெரிதாக இருந்தபடியால் எழுதுகிறேன்.

நான் ஆசுப்பத்திரியின் புற்றுநோய் விடுதியில் சிற்றூழியராக இருந்து ஓய்வு பெற்றவன். தள்ளுவண்டி தள்ளுவதையும் படுக்கை விரிப்பு மாற்றுவதையும் ஆட்களைத் தூக்கி இருத்துவதையும் மற்றவர்கள் உங்களுக்குப் பழக்குவார்கள். அதற்கு நான் தேவையில்லை. என் முதுகு இன்னும் நோகிறதைப் பார்த்தால், நான் அதைச் சரியாகப் பழகினேனா என்றே சந்தேகம்.

விடுதியில் எனக்கு வைத்த பெயர் 'அந்தரம்'. எதற்கெடுத்தாலும் அந்தரப்படுவேன். தள்ளுவண்டிக்குப் பிறேக் போட்டுவிட்டு நாலடி போய், திரும்பி வந்து போட்டேனா என்று பார்ப்பேன். வேலை முடிந்து நல்லூருக்கு வீட்டுக்கு வந்து, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபிறகு, மூலைக் கட்டில்காரரின் பக்கக் கம்பியை உயர்த்திவிட்டேனா என்று கேட்க விடுதிக்குத் தொலைபேசி எடுப்பேன். எடுக்கிற தாதி மிஸ்ஸி நான் வாய் திறக்கமுன்னமே, "கம்பி உயர்த்தியிருக்கு அண்ணை, நீங்கள் சோத்தைச் சாப்பிடுங்கோ" என்று சொல்லி வைத்துவிடுவா.

எங்கள் விடுதிக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் ஒருவர். பெயரை எழுதினால் ஏசுவா, அதனால் எழுதவில்லை. அவ ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னா: "பயப்பிடுறவன்தான் கம்பியை உயர்த்துவான். பயத்தை வைச்சிரும். ஆனால் நோயாளிக்கு மட்டும் அதைக் காட்டாதையும்."

முதல் பாதி எனக்கு வந்தது. இரண்டாவது பாதி ஓய்வு பெறும் வரைக்கும் வரவேயில்லை. வராமல் போனதால் நடந்த ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அருளம்பலம் அண்ணை நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்கிறவர். அறுபது வயதைத் தாண்டியவர். குதிக்காலில் கறுப்பாக ஒரு புள்ளி வந்து, தோட்டத்தில் வெறுங்காலோடு நிற்கிறவருக்கு இது ஒரு விசயமா என்று விட்டுவிட்டார். பிறகு அது புற்றுநோய் என்று வெட்டி எடுத்தார்கள். ஒரு வருடம் போகவில்லை, கணுக்காலுக்கு மேலே கெண்டைக்கால் வழியாகக் கறுத்த பயறு போலச் சின்னச் சின்னக் கட்டிகள் ஏறத் தொடங்கின. ஒன்றை வெட்டினால் பக்கத்தில் இரண்டு வந்தது.

எங்கள் விடுதியில் அப்போது ஒரு இளம் டொக்டர் இருந்தா. நோயாளிகள் எல்லோருக்கும் அவ 'டொக்டர் பிள்ளை'. அவ பெரிய டொக்டரோடும் கொழும்பில் உள்ளவர்களோடும் கதைத்து ஒரு முடிவுக்கு வந்திருந்தா. அன்றைக்கு அருளம்பலம் அண்ணையின் காலைத் தலையணையில் தூக்கி வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

"ஐயா, உங்கடை உடம்புக்குள்ளை நோயோடை சண்டை பிடிக்கிற படை ஒண்டு இருக்கு. ஆனால் அது இந்தக் கட்டியளை வீட்டு ஆக்கள் எண்டு நினைச்சுச் சும்மா விட்டிருக்கு. நாங்கள் கட்டிக்குள்ளையே பலம் குறைச்ச கிருமி ஒண்டை ஊசியாலை போடப்போறம். கிருமியைத் தேடிப் படை வரும். வந்த இடத்திலை கட்டியையும் கண்டு பிடிச்சுதெண்டால் எங்களுக்கு நல்லது."

அருளம்பலம் அண்ணை மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார்.

"அப்ப, வாழைக்குள்ளை ஒளிச்சு நிக்கிற கள்ளன்ரை இடுப்பிலை மாட்டுமணியைக் கட்டி விடப்போறியள். பேந்து நாய் எழும்பும்."

"அச்சா! அதேதான் ஐயா."

"நாய் எழும்பாட்டில்?"

டொக்டர் பிள்ளை பொய் சொல்லவில்லை. "எல்லாருக்கும் வேலை செய்யும் எண்டு நான் சொல்லமாட்டன். செய்யாட்டில், அடுத்ததாய்க் காலை எடுக்கிறதைப் பற்றித்தான் கதைக்க வேண்டி வரும்."

"ஒரு காலிலை நிண்டு வாழைக்குத் தண்ணி மாறேலாது பிள்ளை," என்றார் அவர். பிறகு, "போடுங்கோ. அது என்ன கிருமி?" என்று கேட்டார்.

"காசநோய்த் தடுப்பூசி ஐயா. பிறந்த பிள்ளையளுக்குக் கையிலை போடுவமே, அதுதான்."

அவருடைய முகம் மாறியது. காலை எடுக்கவேண்டி வரும் என்றபோதுகூட அப்படி மாறவில்லை.

"பிள்ளை, எனக்குப் பேரப்பிள்ளையள் இருக்கு."

"அதுக்கென்ன ஐயா?"

"அதுகளுக்குப் போட்ட ஊசியை எனக்குப் போடப்போறியளோ?"

டொக்டர் பிள்ளை சிரிப்பை முகக்கவசத்துக்குள் வைத்துக்கொண்டு, மருந்து அதுதான், இடமும் வேலையும் வேறு என்று விளங்கப்படுத்தினா. அவர் கடைசியில் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை: மனைவி பூமணி அக்காவுக்கு இது தெரியக்கூடாது. அவவுக்குத் தெரிந்தால் அவவின் தங்கச்சிக்குத் தெரியும், தங்கச்சிக்குத் தெரிந்தால் நீர்வேலிச் சந்தியில் வாழைக்குலை ஏற்றுகிற லொறிக்காரர் வரைக்கும் தெரியும்.

"உங்கடை விசயம் ஐயா. நீங்கள் சொல்லாமல் நாங்கள் சொல்லமாட்டம்," என்றா டொக்டர் பிள்ளை.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நீர்?"

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை அண்ணை."

"நல்லூரான் சத்தியமாய்?"

"சத்தியமாய்."

பூமணி அக்கா பின்னேரம் வந்து என்ன ஊசி என்று கேட்டபோது, அவர் கண்ணை மூடிக்கொண்டு, "கொழும்பிலையிருந்து வந்த பெரிய மருந்து. பேர் உமக்கு வாயிலை வராது" என்றார். நான் அவசரமாக அடுத்த கட்டிலின் விரிப்பைச் சரி செய்தேன். அது ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது.

எங்கள் விடுதியில் இந்த மாதிரி ஊசி போட்டது அதுதான் முதல்தடவை. அதனால் அவரை வீட்டுக்கு விடாமல் வைத்திருந்து பார்க்க முடிவு செய்தார்கள். அவருக்குப் பக்கத்திலேயே நிற்கிற வேலை எனக்கு. சிஸ்டர் சொன்னா: "காய்ச்சல் வரலாம். வந்தால் பயப்பிடாதையும், படை வெளிக்கிட்டிருக்கெண்டு நினையும். ஆனால் உதறல் எடுத்தாலோ, மூச்சு இழுத்தாலோ, முகம் வீங்கினாலோ ஓடி வந்து சொல்லும்."

என்னைப் போன்ற ஒருவனிடம் இப்படிச் சொல்லக்கூடாது. காய்ச்சல் வந்தால் பயப்படுவது எனக்குப் பழக்கம். காய்ச்சல் வருவது நல்லது என்றால், வராமல் இருப்பதற்கல்லவா பயப்பட வேண்டும்? அன்று முழுக்க எனக்கு அதே யோசனை. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் போய் நின்றேன்.

"அண்ணை, காய்ச்சல் மாதிரி ஏதும்?"

"இல்லை."

"உடம்பு உழைவு?"

"இல்லை."

"கொஞ்சமாவது தலையிடி?"

"நீர் வரமுன்னம் இல்லை."

அடுத்த கட்டிலில் குருநகர் அந்தோனி அண்ணை. கடற்தொழிலாளி. தாடையில் சத்திரசிகிச்சை செய்தபடியால் வாயைத் திறக்காமல் பல்லுக்குள்ளால்தான் கதைப்பார். அவர் கையை நீட்டி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, எனக்குக் கொஞ்சம் காய்ச்சல் காயுது. வேணுமெண்டால் எடுத்து அவருக்குக் குடும்."

பூமணி அக்காவுக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. "உவர் ஏன் வந்து வந்து காய்ச்சல் வரேல்லையோ எண்டு கேக்கிறார்? நாவூறு பட்டுப்போகும்."

"ஓம் தம்பி," என்றார் அருளம்பலம் அண்ணை. "எனக்குக் காய்ச்சல் வராததாலை உமக்கு ஏதும் நட்டமோ?"

மறுநாள் பின்னேரம் காய்ச்சல் வந்தது. நான் வெப்பமானியைக் கையில் பிடித்தபடி சிஸ்டரின் மேசைக்கு ஓடினேன். "சிஸ்டர், வந்திட்டுது!"

சிஸ்டர் எழும்பினா. "சந்தோசத்தை வாசலுக்கு வெளியிலை வைச்சிட்டு வாரும். உள்ளை காய்ச்சல்காரன் கிடக்கிறான்."

காய்ச்சல் பனடோல் மாத்திரைக்கு அடங்கியது, பிறகும் இடைக்கிடை எட்டிப் பார்த்தது. நாட்கள் போக ஊசி குத்திய கட்டிகள் வீங்கின, சிவந்தன, தலையில் மஞ்சளாகக் கொப்புளம் வைத்தன. டொக்டர் பிள்ளை கட்டை அவிழ்த்துப் பார்த்து, "ஐயா, நாய் எழும்பியிட்டுது" என்றா. அருளம்பலம் அண்ணைக்குப் பெருமை.

அந்த நேரம் பூமணி அக்கா அங்கே இல்லை. அவ காலைப் பார்த்தது அடுத்தநாள், மிஸ்ஸி மருந்து கட்டும்போது. கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தா. காய்ச்சல், சிவப்பு, கொப்புளம். கையிலிருந்த தேத்தண்ணிப் போத்தலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டா.

"அம்மாளாச்சி," என்றா.

உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். எங்கள் ஊர்களில் கொப்புளிப்பான் என்கிற அம்மை வந்தால் அதை வருத்தம் என்று சொல்வதில்லை, அம்மாள் வந்திருக்கிறா என்போம். வேப்பிலை வைப்போம். வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வரவிடமாட்டோம். அம்மாள் நிற்கிற உடம்பில் ஊசி குத்தமாட்டோம். தண்ணீர் வார்த்து அவவை மரியாதையாக அனுப்பி வைத்தபிறகுதான் மற்றதெல்லாம்.

அன்று மத்தியானம் கட்டிலின் தலைமாட்டில் ஒரு பெரிய வேப்பங்கொத்து. பூமணி அக்கா பக்கத்தில் கதிரை போட்டு, கோயில் மூலஸ்தானத்துக்குக் காவல் இருக்கிறவ மாதிரி இருந்தா. அருளம்பலம் அண்ணை கூரையைப் பார்த்தபடி கிடந்தார். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அவர் சொல்லவில்லை.

முதல் சண்டை அந்தோனி அண்ணையின் மனைவியோடு. அவ தினமும் மீன் சொதியை வடித்துக் கொண்டுவந்து புனலால் மெல்ல மெல்லப் பருக்குவா. வேறொன்றும் அந்த மனுசனுக்கு இறங்காது.

"தங்கச்சி, இஞ்சை மச்சம் கொண்டரக்கூடாது," என்றா பூமணி அக்கா.

"அக்கா, இது ஆசுப்பத்திரி. உங்கடை வீடில்லை."

"அம்மாள் நிக்கிற இடம் கோயில்."

"அப்ப என்ரை மனுசன் கோயிலுக்குள்ளை பட்டினி கிடந்து சாகிறதோ?"

"ஏன், பால் குடுங்கோவன்."

அந்தோனி அண்ணை பல்லுக்குள்ளால், "பால் எனக்குச் செமிக்காது" என்றார். ஒருவரும் கேட்கவில்லை.

சத்தம் கூடக் கூட எனக்கு வியர்த்தது. நான் அந்தோனி அண்ணையைச் சில்லுக் கதிரையில் தூக்கி இருத்தி, சொதிப் போத்தலையும் மடியில் வைத்து, விறாந்தையின் அந்தத் தொங்கலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் அதே பயணம். நாங்கள் கள்ளச் சாராயம் கடத்துகிறோம் என்று பக்கத்து விடுதியில் கதை.

"தம்பி," என்றார் அந்தோனி அண்ணை, ஒரு மிடறு இறங்கியபின், "கடலிலைகூட நான் இவ்வளவு தூரம் போய்ச் சாப்பிட்டதில்லை."

டொக்டர் பிள்ளை வேப்பங்கொத்தைக் கண்டு முகம் சிவந்தா. சிஸ்டர் அவவைத் தனியே கூப்பிட்டு, "இலை புண்ணிலை படாமல் தலைமாட்டிலை நிக்கட்டும் டொக்டர். நாங்கள் அதைப் பிடுங்கினால் அவ இவரைப் பிடுங்கிக்கொண்டு போயிடுவா" என்றா. இதை நீங்கள் நன்றாக நினைவில் வைத்திருங்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கிழமையில் விடுதியில் எடுக்கப்பட்ட ஆகச் சிறந்த வைத்திய முடிவு அதுதான்.

இரண்டாவது ஊசிக்குரிய நாள் வந்தது. அந்த மருந்து குழந்தைகளுக்கென்று வருவது. பல இடங்களில் கேட்டு, அனுமதி எடுத்துத்தான் டொக்டர் பிள்ளை ஒரு குப்பி வாங்கி வைத்திருந்தா. காலையில் அருளம்பலம் அண்ணையிடம் கேட்டார்கள். பூமணி அக்கா வேப்பிலை ஒடிக்கப் போயிருந்த நேரம் அது. அவர் ஓம் என்றார். மருந்தைக் கரைத்தார்கள். கரைத்தால் சில மணித்தியாலத்துக்குள் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் எறிய வேண்டியதுதான். அடுத்த குப்பி எப்போது கிடைக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

டொக்டர் பிள்ளை ஊசித் தட்டோடு வந்தபோது கட்டிலுக்கு முன்னால் பூமணி அக்கா நின்றா.

"குத்தக்கூடாது."

"அம்மா, இது அம்மாள் இல்லை. மருந்தாலை வந்தது."

"மருந்து குத்தினாப்போலை அம்மாள் கோவிச்சு வந்திருக்கிறா. திருப்பியும் குத்தினால் ஆளையே கொண்டுபோயிடுவா. நான் தண்ணி வாக்கவேணும். பின்னேரம் வான் வருது, இவரை வீட்டை கொண்டுபோறன்."

"ஐயா, நீங்கள் சொல்லுங்கோ," என்றா டொக்டர் பிள்ளை.

அருளம்பலம் அண்ணை குருத்தைப் பூச்சி தின்ற வாழை போல இருந்தார். "அவள் சொல்லுறதிலையும் ஒரு நியாயம் இருக்குத்தானே," என்றார் கடைசியில்.

நோயாளி வேண்டாம் என்றால் ஊசி இல்லை. டொக்டர் பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினா. அவவின் கண் கலங்கியதை நான் கண்டேன். மருந்துக்காகக் கலங்கவில்லை. அந்தக் காலுக்கு அடுத்து என்ன என்று அவவுக்குத் தெரியும்.

நான் அருளம்பலம் அண்ணையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போகும் சாட்டில் விறாந்தைக்குக் கொண்டுவந்தேன். "அண்ணை, சொல்லிப்போடுங்கோ. சின்னப்பிள்ளையளின்ரை ஊசியெண்டு ஒரு சொல்லுத்தானே."

"தம்பி, எனக்கும் அவளுக்கும் கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து அவள் என்னைக் குழந்தைப்பிள்ளை எண்டுதான் பேசுறவள். வேட்டியை ஒழுங்காய்க் கட்டத் தெரியாது, பல்லு மினுக்கத் தெரியாது எண்டு. இப்ப டொக்டரும் அதையே சொன்னதெண்டால் நான் எப்பிடி வீட்டிலை இருக்கிறது?"

"கால் போனால்?"

 அவர் திண்ணையில்லாத அந்த விறாந்தைச் சுவரில் கையை ஊன்றி, காலைக் கீழே வைத்து, மெல்லப் பாரத்தைக் கொடுத்துப் பார்த்தார்.

நான் சிஸ்டரிடம் போனேன். "சிஸ்டர், நான் பூமணி அக்காவுக்குச் சொல்லிவிடட்டோ? பாவம் வந்தால் எனக்கு வரட்டும்."

"சொல்லாதையும்," என்றா. "அவர் உம்மை நம்பிச் சொன்னது. நீர் வாயைத் திறந்தால் நாளைக்கு இந்த விடுதியிலை ஒருத்தனும் உமக்கு முன்னாலை சட்டையைக் கழட்டமாட்டான்."

"அப்ப என்ன செய்யிறது?"

"மருந்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. போய் அவையோடை நில்லும்."

இந்த இடத்தில் நான் ஒரு தந்திரம் யோசித்தேன் என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் மரியாதை வரும். ஆனால் நான் யோசித்தது வேறு. அந்த ஊசியின் பெயரைக் கேட்ட நாளிலிருந்தே எனக்குள் ஒரு பயம் அரித்துக்கொண்டிருந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் பார்த்தேன். எல்லோருக்கும் மேற்கையில் அந்த ஊசியின் வடு இருக்குமே, எனக்கு இல்லை. என் மனைவி விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐம்பது வருசத்துக்கு மேலை சீவிச்சிட்டியள்தானே, படுங்கோ" என்றா. எனக்கு நித்திரை வரவில்லை. அம்மா ஊசி போடாமல் விட்டுவிட்டாவா? போட்டும் பிடிக்கவில்லையா? இத்தனை வருடம் இத்தனை பேர் இருமும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேனே?

கட்டிலடிக்குப் போனபோது என்னால் பேசாமல் நிற்க முடியவில்லை. எல்லாப் பயமும் ஒன்றாகச் சேர்ந்து, கடைசியில் என் சொந்தப் பயம்தான் வாயால் வந்தது.

"அக்கா, நீங்கள் பிள்ளையள் பெத்து வளத்தனீங்கள். பிறந்த பிள்ளைக்குக் கையிலை போடுற ஊசி பிடிச்சுதோ இல்லையோ எண்டு என்னெண்டு தெரியும்?"

பூமணி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தா. "இப்ப ஏன் உமக்கு அது?"

"எனக்கு வடு இல்லை அக்கா." நான் சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிக் காட்டினேன். மற்றக் கையையும் காட்டினேன்.

அவவின் முகத்தில் இருந்த கோயில் காவல் கழன்று விழுந்தது. எழும்பி வந்து என் கையைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, வாழைப்பழம் கனிந்ததா என்று பார்ப்பதுபோல் பெருவிரலால் அமத்திப் பார்த்தா.

"ஐயோ தம்பி, ஒரு அடையாளமும் இல்லை! இஞ்சை பாரும் எனக்கு." தன் சட்டைக் கையை உயர்த்திக் காட்டினா. வட்டமாக ஒரு குழி. அந்தோனி அண்ணையின் மனைவியும் வந்து தன்னுடையதைக் காட்டினா. அந்தோனி அண்ணை கேட்காமலே கையை நீட்டினார். அவருடையது ஒரு சதக் காசுக் குற்றி அளவு.

"உமக்குப் பிடிக்கேல்லை தம்பி," என்றா பூமணி அக்கா. "பிடிச்சிருந்தால் முதலிலை கட்டியாய் வீங்கும். பேந்து சிவக்கும். பேந்து கொப்புளம் வைச்சுப் பழுக்கும். சில பிள்ளையளுக்குக் காய்ச்சலும் காயும். என்ரை மூத்தவனுக்குப் பழுத்து வடிஞ்சுது. நான் அழுதுகொண்டு மருத்துவமாதிட்டை ஓடினன். அவ சொன்னா, சந்தோசப்படு பிள்ளை, பழுத்தால்தான் ஊசி பிடிச்சது எண்டு. இளையவளுக்குப் பழுக்கேல்லை. திருப்பிக் குத்தினவை. பழுத்தாப்பிறகுதான் எனக்குச் சோறு இறங்கினது."

"திருப்பிக் குத்தினவையோ?" என்று நான் கேட்டேன். எனக்கு என் கையின் கவலை.

"குத்தாமல்? பிடிக்கவேணுமே!"

அப்போது கட்டிலில் இருந்து ஒரு செருமல்.

"இஞ்சேரும்," என்றார் அருளம்பலம் அண்ணை, கூரையைப் பார்த்தபடி. "எனக்கும் அதுதான் போட்டது."

"எது?"

"அந்த ஊசிதான். கொழும்பு மருந்தெண்டது பொய். கட்டிக்குள்ளை அதைத்தான் போட்டவை. அது பழுத்திருக்கு."

 பூமணி அக்கா அவருடைய முகத்தைப் பார்த்தா. பிறகு காலைப் பார்த்தா. குனிந்து, கட்டுக்கு வெளியே தெரிந்த ஒரு கொப்புளத்தை நன்றாக உற்றுப் பார்த்தா. மூத்தவனின் கையை அப்படித்தான் பார்த்திருப்பா.

"ஓம்," என்றா மெதுவாக. "உப்பிடித்தான் இருந்தது." பிறகு நிமிர்ந்தா. "இதை ஏனப்பா எனக்கு ஒளிச்சனீங்கள்?"

"குழந்தைப்பிள்ளையின்ரை ஊசியெண்டு நீர் சிரிப்பீர்."

"சிரிக்காமல்? ஊசி மட்டுமே குழந்தைப்பிள்ளையின்ரை?"

அந்தோனி அண்ணை தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு சிரித்தார். சிரிக்கக்கூடாது என்று அவருக்கு டொக்டர் சொல்லியிருந்தது. நான் அதற்கும் அந்தரப்பட்டேன்.

பூமணி அக்கா ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னா. அதில் இரண்டு வேப்பிலையைப் போட்டு, கட்டிலைச் சுற்றி மூன்று தரம் தெளித்து, தலைமாட்டில் இருந்த கொத்தை எடுத்து இரண்டு கையாலும் ஏந்தினா. "அம்மாளாச்சி, ஆள் மாறிக் கூப்பிட்டுப்போட்டன். குறை நினையாதை. வந்ததுக்கு இவரையும் ஒருக்கால் பாத்துக்கொண்டு போ தாயே." கொத்தை என்னிடம் தந்து, காலடி படாத இடத்தில் வைக்கச் சொன்னா. பிறகு அந்தோனி அண்ணையின் மனைவியிடம் திரும்பி, "தங்கச்சி, சொதியைச் சூட்டோடை குடுங்கோ, ஆறினால் வெடுக்கடிக்கும்" என்றா.

நான் கொத்தோடு சிஸ்டரிடம் ஓடினேன். இந்தத் தடவை சந்தோசத்தை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வரும்படி அவ சொல்லவில்லை. டொக்டர் பிள்ளை வந்து ஊசியைப் போட்டா. இரண்டாவது தடவை உடம்பு கூடுதலாகச் சினக்கலாம் என்று வெகுநேரம் அவரோடேயே இருந்தா. சினக்கவில்லை. அன்று பின்னேரமே காய்ச்சல் வந்தது. பூமணி அக்கா நெற்றியில் கையை வைத்துப் பார்த்து, "பிடிச்சிட்டுது" என்று எல்லோருக்கும் அறிவித்தா.

பிறகும் சில தடவை ஊசி போட்டார்கள். மாதங்கள் போக ஊசி குத்திய கட்டிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கிக் காய்ந்தன. குத்தாமல் விட்ட ஒன்றும் அவற்றோடு சேர்ந்து போனது. டொக்டர் பிள்ளை அதைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்தா. ஆனால் உங்களுக்கு நான் பாதிக் கதை சொல்லக்கூடாது. அவருக்குப் பிறகு இன்னொருவருக்கும் இதே ஊசியைப் போட்டார்கள். காய்ச்சல் வந்தது, பழுத்தது, கட்டி அசையவில்லை. அவருடைய கட்டிலுக்குப் பக்கத்திலும் நான்தான் நின்றேன். அங்கே நின்றது கடினம். அன்றும் பயம் இருந்தது, கம்பியை உயர்த்தினேன், இருந்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

ஆக, தம்பிமாரே, தங்கச்சிமாரே, நோயாளி உங்களிடம் ஒரு விசயத்தைத் தந்தால் அதை அவரே திருப்பிக் கேட்கும் வரை பத்திரமாக வைத்திருங்கள். உங்களுடைய சொந்தப் பயத்தை எப்போது காட்டலாம் என்பதற்கு எனக்கு விதி தெரியாது. சிஸ்டர் காட்டாதே என்றுதான் சொன்னா. ஒருக்கால் காட்டினேன், ஒரு கால் தப்பியது. மற்ற நேரமெல்லாம் சிஸ்டர் சொன்னதுதான் சரி.

என் கையைப் பற்றி டொக்டர் பிள்ளையிடம் கேட்டேன். இந்த வயதில் அந்த ஊசி தேவையில்லை, சிலருக்கு வடு மறைந்தும் போகும், யோசிக்க வேண்டாம் என்றா. யோசிக்க வேண்டாம் என்று சொல்வது எல்லோருக்கும் இலேசு.

நான் ஓய்வு பெற்றபிறகு ஒருநாள் சிஸ்டர்மாரைப் பார்க்க ஆசுப்பத்திரிக்குப் போயிருந்தேன். அன்று கிளினிக் நாள். வாங்கிலில் அருளம்பலம் அண்ணை, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தோடு இருந்தார். கெண்டைக்காலில் வட்ட வட்டமாகக் குழிகள். பூமணி அக்கா வணக்கம் சொல்ல முன்னமே என் சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்து, தலையை ஆட்டி, பெருமூச்சு விட்டா.

அருளம்பலம் அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, காய்ச்சல் மாதிரி ஏதும்?"

"இல்லை அண்ணை."

"உடம்பு உழைவு?"

"இல்லை."

"கொஞ்சமாவது தலையிடி?"

"இல்லை அண்ணை, சுகமாய்த்தான் இருக்கிறன்."

அவர் கவலையோடு சூள் கொட்டினார். "வரும் தம்பி. யோசியாதையும்."

பகிடிதான் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்ற முன்னமே, வெப்பமானியை எடுத்து வாய்க்குள் வைத்தேன்.